நகல் கார் என்றால் அத்தனை இளக்காரமா?

வடபழனி முருகன் கோயில் வாசலில் எந்த முகூர்த்த நாளில் போய் நின்றாலும் ஒரு காட்சி உறுதி. ஷோரூமிலிருந்து நேராக வந்த புது வண்டி, பானெட்டில் மாலை, கண்ணாடியில் சந்தனம் குங்குமம், நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடித்ததும் வண்டி ஒரு முழம் நகரும். பழம் நசுங்கும். வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், மாதத் தவணை ஞாபகம் வரும் வரைக்கும் அது அப்படியே இருக்கும்.

அந்த வரிசையில் ஒரு நாள் நீண்ட மூக்கும், உருண்டை விளக்குகளும், கூரையே இல்லாத உடம்புமாக 1960களின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும்? கூட்டம் கூடும். செல்போன்கள் மேலே எழும்பும். "எந்த வருஷத்து மாடல் சார்?" என்று யாராவது கேட்பார்கள். "பழசு இல்லைங்க, ரெப்ளிகா. பாடி ஃபைபர். உள்ளே கான்டெஸாவுக்குப் போட்ட இசுசு இன்ஜின்" என்று பதில் வந்தால் போதும். "ஓ... டூப்ளிகேட்டா!" அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும். ஐந்து நிமிடம் முன்பு அழகாக இருந்த அதே வளைவு, அதே சிவப்பு, அதே உறுமல். ஒரு சொல்லில் எல்லாம் மதிப்பிழந்து போகும்.

இந்தக் கட்டுரை அந்த 'ஓ'வை எதிர்த்துத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 'ஓ'வைச் சொல்பவர் நிற்கும் இடம். 1890 வாக்கில் அண்ணாசாமி நாயக்கர் என்ற முருக பக்தர் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, பழனி ஆண்டவர் படம் ஒன்றை வைத்து வழிபட ஆரம்பித்தார். பின்னால் வந்த இரத்தினசாமி தம்பிரான், பாக்கியலிங்கத் தம்பிரான் காலத்தில் அது கோயிலாக எழுந்தது. பழனிக்குப் போக முடியாதவர்களுக்கு இதுவே பழனி. பெயரே அதைத்தானே சொல்கிறது, வட பழனி! மூலப் பழனி தெற்கே மலைமேல் இருக்கிறது, இது அதன் சாயல் என்று யாரும் மறைக்கவில்லை, ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்காக இங்கே வருகிற கூட்டம் குறைந்ததா? "டூப்ளிகேட் பழனி" என்று எவராவது சொல்லியிருக்கிறார்களா? நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு நகலை மனசார ஏற்றுக்கொண்ட ஊரில், ஒரு காருக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்பது என்ன நியாயம்?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். போலி வேறு, நகல் வேறு. ஐம்பது ரூபாய் வாட்சில் ரோலெக்ஸ் என்று எழுதி ஏமாற்றி விற்பது போலி. "இது அந்தக் காரின் உருவத்தில் கட்டியது, கட்டியவர் இவர், வருஷம் இது" என்று சொல்லிவிட்டுக் கொடுப்பது நகல். பொய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் குற்றம் இருக்கிறது. தகட்டை வளைத்தவன் கையில் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதி சண்டை நடக்கிறது.

இந்தக் கதைக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஷெல்பி கோப்ரா. 1962இல் அமெரிக்கரான கரோல் ஷெல்பி, இங்கிலாந்தின் ஏ.சி. கம்பெனியிலிருந்து ஏஸ் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, அதற்குள் ஃபோர்டின் வி-8 இன்ஜினைத் திணித்தார். ஐந்தாறு வருஷத்தில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் அந்த வண்டிகள் கட்டப்பட்டன. முதன்முதலில் கட்டிய கோப்ரா 2016இல் ஏலத்துக்கு வந்தபோது 13.75 மில்லியன் டாலருக்குப் போனது. அசலைப் போலப் பல மடங்கு நகல்கள் இன்று உலகம் முழுக்க ஓடுகின்றன. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 'அசலே' ஓர் ஒட்டு மாங்கனி. இங்கிலாந்து உடம்பு, அமெரிக்க இதயம். இன்னொருவன் வண்டியை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றியவன்தான் ஷெல்பி. அவர் செய்ததை இன்று வடபழனியில் ஒரு பட்டறைக்காரர் செய்தால் அதற்குப் பெயர் டூப்ளிகேட். (அவர் மேல் கேஸ்கூட வரும், அது பின்னால்.)

போர்ஷே 356ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தட்டின் மேல் ஃபைபர் உடம்பு பொருத்தி அதன் நகலை வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். "ச்சே, போர்ஷே உருவத்தில் பீட்டில் சாமானா!" என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். முதல் 356களையே போர்ஷே கம்பெனி ஃபோக்ஸ்வேகன் சாமான்களை வைத்துத்தான் கட்டியது. கையில் கிடைத்ததை வைத்து அழகான ஒன்றைக் கட்டுவதுதான் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காரின் பிறவிக் குணம். நகல் கட்டுபவன் அந்தக் குணத்தையும் சேர்த்தே நகலெடுக்கிறான்.

அசல் ஏன் எல்லோருக்கும் கிடைக்காது என்று சொல்லத் தேவையில்லை. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. மொத்தமே 36தான். 2018இல் அதில் ஒன்று 48.4 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. 1955இல் மெர்சிடிஸ் இரண்டே இரண்டு கட்டிய 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூபே ஒன்று 2022இல் 135 மில்லியன் யூரோவுக்கு விற்றது. நம் பணத்தில் சுமார் 1,100 கோடி. அந்த விலை கொடுத்தவன் அதை எடுத்துக்கொண்டு ஆற்காடு ரோட்டில் மழை நாளில் போவானா? பவர் ஹவுஸ் சிக்னலில் ஷேர் ஆட்டோ உரசிவிட்டுப் போனால் என்ன ஆவது? அவனால் முடியாது. குளிரூட்டிய அறையில் வைத்து, மெத்தென்ற துணி போர்த்தி, மாதம் ஒரு முறை கிளப்பிப் பார்ப்பான். ஓடுவதற்கென்றே பிறந்த பொருள், ஓடவே கூடாத பொருளாகிவிட்டது.

இதைத் தமிழனுக்கு விளக்கக் கஷ்டப்படவே வேண்டாம். கோயிலில் மூலவர் இருக்கிறார், உற்சவர் இருக்கிறார். மூலவர் கருவறையை விட்டு அசைய மாட்டார். பார்க்க வேண்டுமென்றால் போய்த்தான் பார்க்க வேண்டும். உற்சவர்தான் மயில் மேலேறித் தெருவுக்கு வருகிறார், வெயில் படுகிறார், நடக்க முடியாத பாட்டிக்கு வீட்டு வாசலிலேயே காட்சி தருகிறார். உற்சவரைப் பார்த்து "இவர் அசல் இல்லை" என்று கதவைச் சாத்துபவர் உண்டா? ம்யூசியத்தில் நிற்கும் கோப்ரா மூலவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை ஆறு மணிக்கு ஓடக்கூடிய கோப்ரா உற்சவர். இரண்டுக்கும் வேலை வேறு வேறு. மூலவரைப் பத்திரமாக வைத்திருப்பதற்கே உற்சவர் தேவைப்படுகிறார்.

மூலவர்களைக் கும்பிடவும் வடபழனியிலேயே இடம் இருக்கிறது. ஏவி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் 2023 மே மாதம் ஏவி.எம். ஹெரிடேஜ் ம்யூசியம் திறந்தார்கள். எம்.எஸ். குகன் பல வருஷமாகச் சேர்த்து வந்த பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும், கூடவே ஸ்டூடியோவின் பழைய கேமரா, ஒலிப்பதிவுக் கருவிகளும் அங்கே வைக்கப்பட்டன. அப்படி ஒருவர் சேர்த்து வைக்காவிட்டால் அந்த வண்டிகளில் பாதி எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும். அசலைக் காப்பாற்றுபவர்களிடம் இந்தக் கட்டுரைக்கு எந்தச் சண்டையும் இல்லை. சண்டை, அசலும் வாங்க முடியாமல், நகல் கட்டுகிறவனையும் வாழவிடாமல், நடுவில் நின்று நக்கல் அடிக்கும் கூட்டத்தோடுதான்.

ஏவி.எம். பெயர் வந்துவிட்டதால் சினிமாவையும் பேசியாக வேண்டும். 1948இல் காரைக்குடியிலிருந்து ஏவி.எம். இங்கே வந்தது. பக்கத்திலேயே விஜயா வாஹினி. 1957இல் 'மாயா பஜார்' எடுத்த இடம். அந்த வாஹினி இருந்த நிலத்தில் இப்போது மருத்துவமனையும் மாலும் நிற்கின்றன. ஆனால் அந்த ஸ்டூடியோக்கள் வளர்த்துவிட்ட தொழில் ஒன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊறிப்போனது. அது நகல் எடுக்கும் தொழில். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அரண்மனைத் தூண், பிளைவுட்டில் சிறைச்சாலை, தெர்மோகோலில் பிள்ளையார், ஃபைபரில் பீரங்கி. மோல்டு எடுத்து, மெழுகு தடவி, ஜெல்கோட் அடித்து, கண்ணாடி நார் மேட்டைப் பரப்பி, ரெசினில் ஹார்ட்னரைச் சரியான அளவில் கலந்து, காற்றுக் குமிழி இல்லாமல் ரோலரால் அழுத்தி, காய்ந்த பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடிப்பது. ஒரு நகல் ஸ்போர்ட்ஸ் காரின் உடம்பு கட்டத் தேவையான வித்தை முழுக்க இதுதான். பாக்கி இருப்பது சேஸிஸும், இன்ஜினும், சஸ்பென்ஷனும். அதற்குத் தேவையான சாமானைப் புதுப்பேட்டையில் தேடலாம், லேத் பட்டறையில் கடையலாம்.

உலக சினிமாவில் இந்த வேலைக்கு எத்தனை மரியாதை என்று பாருங்கள். 1986இல் வந்த 'ஃபெர்ரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்' படத்தில் பையன்கள் திருட்டுத்தனமாக ஓட்டிப்போகும் ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடரைப் பார்த்துப் பைத்தியம் பிடித்த தலைமுறையே உண்டு. ஓடி, பறந்து, கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்த வண்டிகள் ஃபைபர் நகல்கள். 'ஸ்கைஃபால்' (2012) படத்தில் வெடித்த ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் மூன்றில் ஒரு பங்கு அளவில் முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரி. 'நோ டைம் டு டை' (2021) படத்துக்காக அந்தக் கம்பெனியே எட்டு நகல் டி.பி.5 கட்டிக் கொடுத்தது. 'ஃபோர்டு வி ஃபெராரி' (2019) படத்தில் சீறிப் பாய்ந்த கோப்ராவும் ஜி.டி.40யும் தென்னாப்பிரிக்காவில் தயாராகும் சூப்பர்ஃபார்மன்ஸ் நகல்கள். ஷெல்பியின் நிறுவனமே உரிமம் கொடுத்த நகல்கள் அவை! தியேட்டரில் உட்கார்ந்து விசிலடித்தபோது இதெல்லாம் யாருக்கும் உறுத்தவில்லை. வெளியே வந்து பார்க்கிங்கில் ஒரு நகலைப் பார்த்தால் மட்டும் உறுத்துகிறது.

"என்ன இருந்தாலும் அசலுக்கு ஓர் ஆத்மா உண்டு" என்பார்கள். பழைய கார்க்காரர்களிடம் அதிகம் கேட்கும் வசனம் இது. பதில் சொல்ல வேண்டிய வசனமும்கூட. தொழிற்சாலையில் அந்த வருஷம் அந்த மனிதன் கைவைத்த தகடு என்பதற்கு ஒரு மதிப்பு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தகடு இன்னும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பந்தயத்தில் ஓடிய பழைய கார்களில் இன்ஜின் மாறியிருக்கும், கியர் பெட்டி மாறியிருக்கும், இடித்து நசுங்கிய பானெட்டை மறுபடி அடித்திருப்பார்கள், சேஸிஸில் துரு தின்ற இடத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். பல கோடிக்குப் போகும் சில வண்டிகளில் பிறந்தபோது இருந்தது பாதிகூட மிஞ்சியிருக்காது. அப்படியென்றால் ஆத்மா எந்த நட்டில் இருக்கிறது?

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தேர் 1920களில் தீயில் எரிந்து போனது. புதுத் தேர் செய்து 1930இல் ஓடவிட்டார்கள். பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக் கொடுத்தது. புது மரம், புது அச்சு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரும் கனவிலும் காணாத பிரேக். அதைப் பிடித்து இழுக்கும் ஆயிரக்கணக்கான பேரில் ஒருவராவது "இது ரெப்ளிகா தேர்" என்று வடத்தைக் கீழே போட்டாரா? தேருக்கு ஆத்மா மரத்தில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது. பழைய உருவத்துக்கு டிஸ்க் பிரேக்கும் நல்ல டயரும் சீட் பெல்ட்டும் போட்ட நகல் காரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் முதலில் திருவாரூர் போய்ச் சிரித்துவிட்டு வரட்டும் :-)

இந்த ஆத்மா வியாபாரத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. 1957 பிப்ரவரியில் ஜாகுவார் தொழிற்சாலையில் பிடித்த தீயில் ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்கள் அழிந்தன. சுமார் அறுபது வருஷம் கழித்து அதே கம்பெனி அந்த ஒன்பதையும் 'மறுபடி' கட்டி, ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது. ஆஸ்டன் மார்ட்டின் 2020இல் 'கோல்ட்ஃபிங்கர்' படத்து டி.பி.5ஐ இருபத்தைந்து எண்ணிக்கை கட்டியது. விலை வரி நீங்கலாக 27.5 லட்சம் பவுண்டு. இருபத்தைந்து கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கினாலும் அதை ரோட்டில் ஓட்ட முடியாது, பொதுச்சாலைக்கு அனுமதி கிடையாது. புதுத் தகடு, புது இன்ஜின், புது மனிதர்கள். ஆனால் இதற்குப் பெயர் நகல் இல்லையாம், 'தொடர்ச்சி'யாம்! பணக்காரன் வீட்டுப் பழையது 'விண்டேஜ்', ஏழை வீட்டுப் பழையது 'குப்பை' என்பது மாதிரிதான் இதுவும்.

நகல் அசலை மிஞ்சி வாழ்ந்த கதை சென்னையிலேயே இருக்கிறது. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிகளைப் பூட்டி புல்லட் 350 செய்தார்கள். பிறகு எல்லாச் சாமானும் இங்கேயே செய்தார்கள். 1970க்குள் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி படுத்துவிட்டது. திருவொற்றியூர் மட்டும் விடாமல் அதே வண்டியை அடித்துக்கொண்டே இருந்தது. இன்று ராயல் என்ஃபீல்டு என்றால் உலகத்துக்கு எந்த ஊர்? 2009இல் பழைய புல்லட்டின் சாயலில் 'கிளாஸிக்' என்று ஒரு புது வண்டியை விட்டார்கள், அதற்குப் பின் நடந்ததைத் தெருவில் காது வைத்திருக்கும் யாரும் சொல்லுவார்கள். உரிமம் வாங்கிச் செய்ததும் அனுமதியில்லாமல் செய்வதும் ஒன்றா என்று கேட்கலாம். சட்டப்படி ஒன்றில்லைதான். ஆனால் 'இரண்டாம் முறை செய்தது மட்டம்' என்ற வாதத்துக்கு இந்த ஒரு வண்டியே போதும், பதிலுக்கு.

தவறவிட்ட கதையும் இருக்கிறது. 1961 முதல் வண்டலூர் பக்கத்து ஆலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்தார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. தனி சேஸிஸ் கொண்ட வண்டி, உடம்பை நட்டு கழற்றி எடுத்துவிடலாம். அதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் பழைய ஹெரால்டுகளின் மேல் எம்.ஜி. டி.எஃப். சாயலில் 'ஜென்ட்ரி' மாதிரியான நகல் உடம்புகளைப் பொருத்தி வீட்டுக் கொட்டகைகளில் கட்டினார்கள். மெட்ராஸ் தெருக்களில் அதே சேஸிஸ் எத்தனை வருஷம் ஓடியது! டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டி முடித்து, கடைசியில் எல்லாம் எடைக்குப் போயின. ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புக்கூடு ஊர் முழுக்கக் கிடந்தது, அதற்கு உடம்பு கட்டத் தெரிந்த கைகள் வடபழனியில் இருந்தன, இரண்டும் சந்திக்கவே இல்லை.

ஏன் சந்திக்கவில்லை? நக்கல் ஒரு காரணம் என்றால், சட்டம் இன்னொரு காரணம். அந்த இரண்டாவதுதான் பெரிசு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பழைய வண்டியின் சேஸிஸில் புது உடம்பு கட்டினால் இதில் மாட்டும். சரி, எல்லாமே புதிதாகக் கட்டலாமென்றால் பூனா ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி ஒரு சோதனைச் சாலையில் மாதிரி வண்டியைக் கொடுத்து முழுச் சான்று வாங்க வேண்டும். (ஒரகடத்திலேயே அப்படி ஒரு மையம் இருக்கிறது.) லட்சக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிக்கு எழுதிய விதி அது. ஒரே ஒரு வண்டி கட்டுகிறவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. மகாராஷ்டிரத்து அலிபாகில் சிங்காரா மோட்டார்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2000களில் லோட்டஸ் செவன் சாயலில் ஃபைபர் ரோட்ஸ்டர் செய்தது. இரண்டாம் பத்தியில் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்த கற்பனை வண்டிக்குள் இருந்த அதே 1.8 லிட்டர் இசுசு இன்ஜின்தான் அதிலும். நல்ல வண்டி என்று ஓட்டியவர்கள் எழுதினார்கள். ஆனால் அந்த மாதிரி கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அசலுக்கு மட்டும் வழி திறந்தார்கள். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயசைத் தாண்டிய வண்டி, சேஸிஸ், உடம்பு, இன்ஜின் எதையும் பெரிதாக மாற்றாமல் இருந்தால் 'விண்டேஜ்' என்று பதியலாம். இருபதாயிரம் ரூபாய் கட்டணம், 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட், பத்து வருஷச் செல்லுபடி. கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்டக்கூடாது. நல்ல விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அசலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் வரியெல்லாம் சேர்த்து விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆக, பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சுகம் யாருக்கு என்பதைச் சட்டமே தீர்மானித்துவிட்டது.

பாதுகாப்பு? இது நியாயமான கேள்வி, நழுவக்கூடாது. காற்றுப்பை கிடையாது, மோதல் சோதனை கிடையாது, யாரோ வெல்டிங் வைத்த சேஸிஸ். மோசமாகக் கட்டிய நகல் சவப்பெட்டிதான், அதில் சந்தேகமே வேண்டாம். தெருமுனையில் பம்பரை அறுத்து, சைலன்சரைக் கழற்றி, ஃபெராரி ஸ்டிக்கர் ஒட்டி, நடுராத்திரி ஊரை எழுப்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 'சோதித்துப் பார்' என்பது ஒன்று, 'செய்யவே செய்யாதே' என்பது இன்னொன்று. இங்கிலாந்தில் ஒற்றை வண்டிகளுக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. தனி ஆள் கட்டிய காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பிரேக், விளக்கு, ஸ்டியரிங், கூர் முனைகள், புகை என்று பட்டியல் போட்டுப் பார்க்கிறார்கள். தேறினால் நம்பர். எந்த வருஷத்து வண்டி என்று சொல்ல முடியாத கலவை வண்டிக்கு 'க்யூ' என்று ஆரம்பிக்கும் பிளேட் கொடுத்து, பின்னால் வாங்குகிறவன் ஏமாறாதபடியும் பார்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்கா 2015இல் தனிச் சட்டமே போட்டது. குறைந்தது 25 வருஷப் பழைய காரின் உருவத்தில், ஒரு சின்னத் தயாரிப்பாளர் ஆண்டுக்கு 325 வண்டி வரை கட்டலாம், புகை விதிக்கு உட்பட்ட புது இன்ஜின் வேண்டும். அதற்கும் விதிகளை எழுதி முடிக்க 2021 ஆகிவிட்டது என்பது வேறு விஷயம், அங்கேயும் அரசாங்கம் அரசாங்கம்தான். ஆனாலும் வழி இருக்கிறது.

இதெல்லாம் வேலையில்லாதவன் பொழுதுபோக்கு, இதற்கு எதற்குச் சட்டம் என்று சொல்பவர்கள் இரண்டு பேரை நினைத்துப் பார்க்கலாம்.

ஒருவர் ரான் சாம்பியன், இங்கிலாந்தின் அவுண்டில் பள்ளி ஆசிரியர். மாணவர்களை வைத்துக்கொண்டு லோட்டஸ் செவன் சாயலில் கார் கட்டினார். இரும்புச் சதுரக் குழாயை அறுத்து வெல்டு வைத்து சேஸிஸ், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து இன்ஜினும் அச்சும். 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று 1996இல் புத்தகமே போட்டார். அதைப் பார்த்து உலகம் முழுக்கப் பையன்கள் கட்டினார்கள். 250 பவுண்டு என்பது கொஞ்சம் புருடா என்று கட்டியவர்களே சிரிப்பார்கள், ஆனால் வெல்டிங்கும் சஸ்பென்ஷன் கணக்கும் கற்றுக்கொண்டது புருடா இல்லை.

இன்னொருவர் கோவை கரிவரதன். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களிலிருந்தே கார்களைத் தன் கையால் கட்டியவர். 1988இல் மாருதி 800இன் இன்ஜினை வைத்து, வெளிநாட்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரின் உருவத்தில் ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். இறக்குமதி செய்யக் காசில்லாத நாட்டில், கையில் கிடைத்த சாமானை வைத்துக் கட்டிய ஏழை வீட்டு ஃபார்முலா கார். அதைப் பார்த்தும் யாராவது 'டூப்ளிகேட்' என்று சொல்லியிருப்பார்கள். நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் முதன்முதலில் பந்தயம் ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். 2005இல் அவர் அசல் ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்தபோது அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை, 1995இல் விமான விபத்தில் போய்விட்டார்.

சென்னையைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள்! ஆட்டோமொபைல் படிக்கும் பையன் நாலு வருஷத்தில் கட்-செக்‌ஷன் இன்ஜினை வேடிக்கை பார்த்து, பிராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி வெளியே வருகிறான். போட்டிக்குக் கட்டும் வண்டிகளும் போட்டி முடிந்ததும் கல்லூரி மூலையில் துருப்பிடிக்கின்றன. ஒரு லோட்டஸ் செவன் நகலை முழுசாகக் கட்டி, ஒரகடத்தில் கொண்டுபோய்ச் சோதித்து, நம்பர் வாங்கி வீட்டுக்கு ஓட்டிப்போகலாம் என்ற வழி இருந்தால், அவனுக்கும் வடபழனி ஃபைபர் பட்டறை அண்ணனுக்கும் நடுவில் எத்தனை பேச்சு நடக்கும்! இப்போது அந்த அண்ணன் செய்வது ஷூட்டிங்குக்கு டம்மி. இன்ஜின் இல்லாத, கதவு திறக்காத, ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்த கார். கேமராவுக்கு முன்னால் ஒரு நாள் நிற்கும். ஷெட்யூல் முடிந்ததும் உடைத்துவிடுவார்கள்.

நிலைமை இப்போது இதுதான். ஒருவர் ஆசைப்பட்டு எல்லாச் செலவும் செய்து நல்ல நகல் ஒன்றைக் கட்டி முடித்தால், அதை ஓட்ட ஓர் இடம் உண்டு, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். வடபழனியிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். தடத்துக்குள் எவ்வளவு வேகமும் போகலாம், அங்கே போய்ச்சேர மட்டும் வண்டியை லாரியில் ஏற்ற வேண்டும். போகிற வழியில் முருகன் கோயில் வாசலில் பூஜை போட நிறுத்தினால், எலுமிச்சம்பழத்தை லாரியின் சக்கரத்துக்கு அடியில்தான் வைக்க வேண்டியிருக்கும்.